முப்பத்தெட்டுப் பேரின் அளவு

என் வீட்டுக்காரர் ஸ்டான்லியைப் பற்றி எங்கள் காலனியில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பிணத்தோடு பேசுவாராம், மந்திரம் வைத்து நாற்காலி செய்தாராம், அவர் அளந்தால் ஆள் காலியாம். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தொண்ணூற்று ஒன்றில் அந்த மனுஷனுக்குக் கழுத்தை நீட்டியவள் நான். எனக்குத் தெரியாதது இவர்களுக்கு என்ன தெரியும்? அதனால் நானே எழுதிவிடுகிறேன். எழுத்தில் மரியாதையாக 'அவர்' என்று போடுகிறேன், வீட்டில் 'யோவ்'தான்.

செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம் போகிற பக்கம் எங்கள் காலனி. அப்பா தலைமுறை வரைக்கும் எல்லோரும் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எங்கள் காலத்தில் ஒருத்தன் லாரி ஓட்டினான், ஒருத்தி பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குப் போனாள், ஒருத்தன் கல்பாக்கத்தில் கான்டிராக்ட் வேலை பார்த்தான். பாதிப் பேர் சர்ச்சுக்குப் போவோம், பாதிப் பேர் அம்மன் கோயிலுக்கு. ஸ்டான்லி செங்கல்பட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் இருந்தார். நான் வீட்டில் ஜாக்கெட் தைத்தேன். பிள்ளை இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

தொண்ணூற்று மூன்றில் மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜுக்கு மாடிப்படிக் கைப்பிடி போடப் போனார். வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற லாட்ஜ். காலி பண்ணிப் போகும்போது படித்த புத்தகங்களை விட்டுவிட்டுப் போவார்கள், லாட்ஜ்காரர் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடுவார். அந்தக் குவியலில் முன் அட்டையும் இல்லாமல் பின் அட்டையும் இல்லாமல் ஒரு தடிப் புத்தகம் கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் நாற்காலி, விளக்கு, கெட்டில், கட்டடம். கேட்டு வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தார். வயிறு புடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, பிரியாணிப் பொட்டலம்தான் ஒளித்து வைத்திருக்கிறார் என்று நான் ஆசையாகத் தட்டை எடுத்து வைத்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பத்தாவதில் இங்கிலீஷில் ஃபெயிலானவர் அவர். ஒரு அகராதி வாங்கினார். ஒரு பக்கம் படிக்க ஒரு வாரம் ஆகும். படித்ததைப் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் வருஷம் போட்டு எழுதி வைத்தார். 1859 என்று எழுதி, பக்கத்தில் வளைத்த மரத்தில் ஒரு நாற்காலி. 1925 என்று எழுதி, பக்கத்தில் இரும்புக் குழாயில் ஒரு நாற்காலி. 1933 என்று எழுதி, ஜெர்மனியில் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள் என்று அதைச் சுற்றி ஒரு கட்டம். யாரோ சொந்தக்காரர் செத்த தேதி மாதிரி அதைப் பற்றிப் பேசுவார்.

சோற்றில் கை வைத்தால் ஆரம்பித்துவிடுவார். "வியன்னால ஒருத்தன், ஆறே துண்டு மரம், பத்தே ஸ்க்ரூ. கழட்டி அடுக்கினா முப்பத்தாறு நாற்காலி ஒரே பொட்டில பூடும், தெரியுமா?"

"அந்த வியன்னாக்காரன் வந்து கியூவுல நின்னு மண்ணெண்ணெய் வாங்கினு வருவானா?" என்பேன்.

அவர் காதில் விழாது. "ஜெர்மனில ஒருத்தன் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பார்த்துட்டுத்தான் குழாயை வளைச்சு நாற்காலி பண்ணானாம். நானும் தெனம் சைக்கிள்லதான் போறேன், வரேன். எனக்கு ஏன்மே தோணல?" இதைச் சொல்லிவிட்டு நிஜமாகவே சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிடுவார். இதென்ன பைத்தியம் என்று எனக்குச் சிரிப்பு வரும், பாவமாகவும் இருக்கும்.

பட்டறையிலும் தகராறுதான். கேட்டில் மயில் வேண்டும், தாமரை வேண்டும் என்று வருவார்கள். வேண்டாத அலங்காரம் பொய் சொல்கிற மாதிரி என்று இவர் வெறும் கம்பியாக நேர்நேராக நிறுத்திக் கொடுப்பார். "இன்னா அண்ணாத்த, ஜெயிலு மாதிரி கீது" என்று திட்டிவிட்டுப் போவார்கள். முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு, மயிலை வேறு ஆளிடம் கொடுத்து ஒட்டவைப்பார்.

அவருடைய ஆசை ஒன்றே ஒன்றுதான். உயிரோடிருக்கிற ஒரு ஆள் உட்கார்ந்து, அப்பாடா என்று சொல்லுகிற மாதிரி சொந்தமாக ஒரு நாற்காலி செய்ய வேண்டும். சுவரில் கடைசி வரியாக அதை எழுத வேண்டும். 'செங்கல்பட்டு' என்று எழுத இடம்கூட விட்டு வைத்திருந்தார்.

முதலில் செய்த மூன்று நாற்காலியும் இடுப்பை ஒடித்தன. புத்தகத்தில் மனுஷ உடம்பை வரைந்து எண் போட்டிருந்த படம் ஒன்று உண்டு, அந்த அளவில்தான் செய்தார். "அவன் ஆறடி ஆளு. அவன் காலு வேற, நம்ம காலு வேற. நம்ம ஆளுங்களை அளக்கணும்" என்றார். யார் அளவு கொடுப்பார்கள்? அவர் சிநேகிதன் மோசஸுக்குக் கை பட்டாலே கூச்சம், நெளிந்து நெளிந்து சிரிப்பான். வயசானவர்கள், "இன்னாடா, பொட்டிக்கு அளவா?" என்று துரத்தினார்கள். பெண்களைக் கேட்கவே முடியாது. அப்புறம் அளவு பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். தொல்லை விட்டது என்றிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒன்று கவனித்தேன். காலனியில் யாராவது செத்தால், அன்றைக்கு என் அளவு டேப் காணாமல் போகும்.

எங்கள் காலனியில் செத்தவர்களைப் படுக்க வைக்கிற வழக்கம் இல்லை. பெட்டியோ பாடையோ வருகிற வரைக்கும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைப்போம். சர்ச்சு, கோயில் என்று இதில் வித்தியாசம் கிடையாது. தாடையைத் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டி, கால் கட்டை விரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, கையை மடியிலோ நாற்காலிக் கையிலோ மல்லாத்தி வைத்து, சரியாமல் இருக்க மார்பில் ஒரு கயிறு. கயிறு தெரியாமல் மாலை. வாசலுக்குக் கொண்டுவருவதற்கு முன்னால், வீட்டுக்குள் வைத்தே, தலை சாயாதபடி நாற்காலிக்குப் பின்னால் ஒரு கம்பியைப் பற்றவைக்க வேண்டும், அதற்கு ஸ்டான்லியைக் கூப்பிடுவார்கள். வெல்டிங் பொறி பட்டுவிடும் என்று சொல்லி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, அரை மணி நேரம் தனியாக வேலை பார்ப்பார்.

டேப் அன்றைக்கே சாயங்காலம் தையல் மெஷின் டிராயரில் பழையபடி இருக்கும். எலி இழுத்திருக்கும், நான்தான் மறந்திருப்பேன் என்று நானாகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு தடவை அதில் பன்னீர் வாசனை வந்தது. கல்யாணப் பெண்ணுக்கு அளவெடுத்தபோது ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன். அந்த மாதம் கல்யாண ஜாக்கெட் எதுவும் தைக்கவில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

தொண்ணூற்று எட்டு ஐப்பசியில் நாற்காலி முடிந்தது. பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு அழகு. ஒரே குழாயை எங்கேயும் வெட்டாமல் வளைத்து, மரத்தில் இரண்டு கை, கால் வைத்துக்கொள்ளக் கீழே ஒரு கம்பி. சிவப்பு ஒயர் பின்னிக் கொடுத்தது நான்தான். வாசலில் கொண்டுவந்து வைத்தார். வெற்றிலைக் கடை பக்கம் நின்றிருந்தவர்கள்கூட வந்து பார்த்தார்கள்.

மோசஸ்தான் முதலில் உட்கார்ந்தான். ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல வாயை மூடத் தெரியாத ஆள் அவன். "ஷோக்கா கீது மச்சான். சொம்மா சொல்லக்கூடாது, ஜெர்மனிக்காரன் தோத்தான்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

முதலில் சிரித்தோம். நடிக்கிறான் என்று நினைத்தோம். அவன் கை இரண்டும் தானாக மல்லாந்தது. முகவாய் நிமிர்ந்து பின்னால் சாய்ந்து நின்றது. கீழே பார்த்தேன். கம்பி மேல் இருந்த கால் இரண்டும் மெல்ல நகர்ந்து ஒன்றையொன்று தொட்டன. கட்டை விரலோடு கட்டை விரல்.

"மோசசு" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. கண் பாதி திறந்தபடி இருந்தது. ஸ்டான்லி தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் எழுந்தான். சட்டை முழுக்க வேர்த்திருந்தது.

"இன்னா மச்சான் இது... யாரோ வந்து வந்து என்னைப் பாத்துட்டுப் போயிகினு இருந்தாங்க" என்றான். செருப்பைக்கூடப் போடாமல் போய்விட்டான்.

மறுநாள் பக்கத்து வீட்டு சந்திரம்மா வந்தாள். மோசஸ் சொன்னது அவளுக்குத் தெரியாது, நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. கால் வலிக்கிறது என்று தானாகப் போய் உட்கார்ந்தாள். வளையல் சத்தம் நின்றது. எழுந்தபோது, "எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் வரிசையா வந்து எட்டிப் பாத்த மாதிரி கீதுடி ஜெஸ்ஸி, எதுக்குடி வந்தாங்க?" என்று கேட்டாள்.

அன்றைக்கு நான் விடவில்லை. "யோவ், யார் அளவுயா இது?" என்று கேட்டேன். அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். பள்ளிக்கூட நோட்டு. வரிசையாகப் பேர், தேதி, அளவு. குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு பதினாறேகால். இடுப்பிலிருந்து தோள் இருபத்திரண்டு. முப்பத்தேழு பேர். ஒவ்வொரு பேராகப் படித்தேன். எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். ராஜம் அக்கா பேர் இருந்தது, அவர்கள் கடைசியாகப் போட்டிருந்த ஜாக்கெட் நான் தைத்தது. ஒருத்தர்கூட உயிரோடு இல்லை.

"அவங்கதான் அசையாம குந்துறாங்க" என்றார் ஸ்டான்லி, ரொம்ப சாதாரணமாக. "எவ்ளோ நேரம் வேணா அளக்கலாம்."

"என் டேப்பாலயா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கடவுளே! மூன்று வருஷமாக அந்த டேப்பைத்தானே கல்யாணப் பெண்களின் தோளில் போட்டேன், குழந்தைகளின் கவுனுக்கு அளந்தேன். வெளியே தெரிந்தால் ஒருத்தி என் வாசல்படி மிதிப்பாளா? டேப்பை அடுப்பில் போட்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில் இதையும் சொன்னேன்: "செத்தவங்களை அளந்து செஞ்சா செத்தவங்கதான்யா குந்துவாங்க! உயிரோட கீறவன் எவன் குந்துவான்?"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஐந்து வருஷப் படிப்பில் அவர் எங்கே தவறவிட்டார் என்பதை நான் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நாற்காலி முடிந்த அன்றைக்குப் பட்டறைச் சுவரில் 'செங்கல்பட்டு' என்று எழுதியதை அவரே ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்தார் என்று மோசஸ் சொன்னான்.

உயிரோடு இருக்கிறவர்களை அளந்து மறுபடி செய்ய வேண்டும் என்று முடிவு செய்தார். நோட்டு விஷயம் அதற்குள் காலனிக்குத் தெரிந்துவிட்டது, ஒருவரும் கிட்டே வரவில்லை. டேப் என்னுடையது என்பது மட்டும் நல்லவேளையாக வெளியே வரவில்லை. லாரி டிரைவர் செல்வராஜ் மட்டும், "என்னை அள அண்ணாத்த. நான் இன்னா பயந்தவனா?" என்று வந்து நின்றான். முப்பது வயசு, வாட்டசாட்டமான ஆள். அளந்தார், எழுதினார். முப்பத்தெட்டாவது பேர்.

ஐந்தாவது வாரம் செல்வராஜ் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான்.

காமாலை யாருக்கும் வரும். அந்த வருஷம் மூன்று பேருக்கு வந்தது. எனக்கு அது தெரியும், இருந்தாலும் நோட்டை எடுத்து அந்தக் கடைசிப் பேரை மறுபடி பார்த்தேன். அன்றைக்கு ஊரில் முகூர்த்த நாள், வாடகை நாற்காலி ஒன்றுகூட இல்லை. அவனை உட்கார வைக்க ஸ்டான்லியின் நாற்காலியைத்தான் எடுத்துப் போனார்கள். உட்கார வைத்தார்கள், கயிறு கட்டப் போனவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். தேவைப்படவில்லை. தலை சாயவில்லை, தோள் சரியவில்லை, கால் இரண்டும் தானாகச் சேர்ந்து நின்றன. "உயிரோட குந்திகினு கீற மாதிரியே கீதுப்பா" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஸ்டான்லி சுவரோரம் நின்று அழுதார். செல்வராஜுக்காக மட்டும் அழவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அது காலனி நாற்காலியாகிவிட்டது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் வந்து கேட்பார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்துத் திருப்பிக் கொண்டுவருவார்கள். வீட்டுக்குள் விட மாட்டேன் என்று நான் சொல்லிவிட்டதால் பின்பக்கம் தகரக் கொட்டாயில் நிற்கும். ஸ்டான்லி அப்புறம் யாரையும் அளக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பிளாஸ்டிக் நாற்காலி எல்லா இடத்திலும் வந்துவிட்டது. பட்டறையை மூடினார்கள். இவர் படூர் பக்கம், கம்ப்யூட்டர் ஆபீஸ்களுக்கு நாற்காலி பூட்டுகிற வேலைக்குப் போனார். முதல் வாரம் வீட்டுக்கு வந்தவர் முகத்தில் பல வருஷத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

"ஜெஸ்ஸி, அந்த நாற்காலி ஆளோட சேந்து ஆடுதுமே. சாஞ்சா சாயுது, திரும்பினா திரும்புது. நான் எங்கியோ கோட்டை வுட்டுட்டேன். ஒரே ஒரு ஆளை, உயிரோட, நல்லா அளக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீ குந்துறியா?"

"உன் நோட்ல பேரு எழுதினவங்கள்ல யாராவது ஒருத்தர் இன்னிக்கு நாஸ்தா தின்னாங்களாயா?" என்று கேட்டேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, நான் மெஷினில் குனிந்து தைக்கும்போது என் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பார். உடனே எழுந்துவிடுவேன். மத்தியானம் கண்ணயர்ந்தால்கூடச் சுருண்டுதான் படுப்பேன், நீட்டிப் படுத்தால் அளந்துவிடுவாரோ என்று. புருஷன் பக்கத்தில் இப்படிப் படுக்கிற பெண்டாட்டி உலகத்தில் எவளாவது உண்டா? நான் படுத்தேன்.

சுனாமி வந்துபோன பிறகு அவர் கண் மங்க ஆரம்பித்தது. இருபது வருஷம் கண்ணாடி போடாமல், ஒரு கையால் மறைத்துக்கொண்டே வெல்டிங் அடித்ததன் பலன். நேராகப் பார்க்கிற இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு நிற்கிறது என்றார். ஓரத்தில் இருப்பது மட்டும் தெரிகிறது, அதுவும் ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ தாங்கும் என்று டாக்டர் சொன்னார். படூர் வேலை போனது. மாமல்லபுரத்து லாட்ஜுகளிலும் அப்போது வேலை கிடையாது. புத்தகத்தை முகத்துக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பார்ப்பார், பிறகு அதையும் கீழே வைத்துவிட்டார்.

ஒரு நாள் கொட்டாயில் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதலில் அரை மணி நேரம். நான் மெஷினில் இருந்தே கவனிப்பேன். அப்புறம் ஒரு ஜாக்கெட் தைத்து முடிக்கிற நேரம். அப்புறம் இரண்டு ஜாக்கெட். கை மல்லாந்திருக்கும், கட்டை விரல்கள் சேர்ந்திருக்கும். கூப்பிட்டால் முன்பெல்லாம் உடனே எழுவார், போகப்போக மூன்று தடவை, நாலு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. சாப்பிட வந்தால் பாதிச் சோற்றில் கை நின்றுவிடும். "அங்க இன்னாய்யா கீது?" என்று அழுதேன், திட்டினேன், ஒளித்து வைக்கவும் பார்த்தேன். "குந்தினா நிம்மதியா கீது, ஜெஸ்ஸி. இன்னிக்குத்தான் எனக்கே தெரியுது, நல்லாத்தான் செஞ்சிருக்கேன்" என்றார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நாற்காலி என் புருஷனை வாங்கிக்கொண்டிருந்தது, நான் ஊக்கும் நூலுமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து ஐந்து மார்கழி. வேடந்தாங்கல் பக்கம் போகிற நாரைகள் தலைக்கு மேலே கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. காலை நாஸ்தாவுக்குப் பிறகு உட்கார்ந்தவர் மத்தியானம் வரைக்கும் எழவில்லை. சந்திரம்மா ஏதோ கேட்கப் பின்பக்கமாக வந்தாள். கொட்டாயில் அவரைப் பார்த்தாள். பார்த்தவள் செருப்பைக் கழற்றிவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "அய்யோ ஸ்டான்லி" என்று அழ ஆரம்பித்தாள். அவள் குரலைக் கேட்டு இன்னும் இரண்டு பெண்கள் ஓடிவந்தார்கள், அவர்களும் செருப்பைக் கழற்றினார்கள்.

நான் ஓடினேன். அவர் கண் பாதி திறந்திருந்தது. இமையில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. இமை ஆடவில்லை. மார்பில் கை வைத்தேன். மூச்சு இருந்தது, ரொம்ப அடியில்.

"சாகலடி! யாரும் அழாதீங்க!" என்று கத்தினேன்.

அப்போது அவர் உதடு மட்டும் அசைந்தது. "யாரோ வந்துகினே கீறாங்க ஜெஸ்ஸி" என்றார், தூரத்திலிருந்து பேசுகிற மாதிரி. "உள்ள வரச் சொல்லு."

ஓங்கி ஒரு அறை விட்டேன். கட்டின புருஷனை நாலு பேர் பார்க்க அடித்தேன், இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை. "எழுந்திருயா! நோட்டை எடு! என்னை அள!" என்று கத்தினேன். "எத்தினி வருஷமா என் முதுகையே பாத்துகினு இருந்த? இப்ப குந்துறேன், வா! உன் கண்ணு போறதுக்குள்ள அள!"

கறுப்பு முழி மெல்லத் திரும்பியது. நேராக இல்லை, ஓரக்கண்ணால் என்னைத் தேடியது. "நெசமாவா?" என்றார்.

எழுந்திருக்கப் பார்த்தார், கால் வரவில்லை. கட்டை விரல் இரண்டும் ஒட்டியே இருந்தன. நான் குனிந்து என் கையால் பிரித்துவிட்டேன். விரல்கள் ஜில்லென்று இருந்தன. சந்திரம்மா சிலுவை போட்டுக்கொண்டாள், அவள் அம்மன் கோயில்காரி.

எல்லோரையும் அனுப்பிவிட்டு, அவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குள் கூட்டிவந்து கதவைச் சாத்தினேன். வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் என் தையல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். டிராயரிலிருந்து புது டேப்பை எடுத்து நானே அவர் கையில் கொடுத்தேன். அவர் நோட்டை விரித்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, பெரிய பெரிய எழுத்தாக 39 என்று எழுதினார். பக்கத்தில் என் பேர். செல்வராஜ் பேருக்கு நேர் கீழே. ஆண்டவரே, எனக்கு ஏதாவது ஆனால் இந்த மனுஷனுக்குச் சோறு போட ஆள் இல்லை என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

குதிகாலில் டேப்பை வைத்தார். அந்தக் கை அவர் கையே இல்லாத மாதிரி, எந்த உயிரையும் தொடாத கை மாதிரி என் மேல் பட்டது. அழுத்தி, நிதானமாக, வலிக்குமா என்ற யோசனையே இல்லாமல். முப்பத்தேழு பேரை அப்படித்தான் தொட்டிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் அசையவில்லை. பதினாறேகால் என்று எழுதினார். சரியா என்று மறுபடி வைத்துப் பார்த்தார். பதினாறரை வந்தது. அடித்துவிட்டு எழுதினார். முதுகில் வைத்தார், நான் மூச்சை விட்டதும் டேப் நழுவியது. மறுபடி வைத்தார், மறுபடி மாறியது. தோளுக்குப் போனார், அதுவும் நிற்கவில்லை. அடித்து அடித்து அந்த வரி முழுக்கக் கறுப்பாகிவிட்டது.

"நம்பர் நிக்க மாட்டேங்குது, ஜெஸ்ஸி" என்றார். கண் போய்விட்டது, அதனால்தான் தப்புத்தப்பாக வருகிறது என்று பயந்துவிட்டார்.

"எப்டியா நிக்கும்? மூச்சு வுடுறேன்ல?" என்றேன். "என்கிட்ட அளவு குடுக்க வர்றவளுங்களுக்கு மட்டும் நிக்குதா? மூச்சு இழுத்தா ஒண்ணு, வுட்டா ஒண்ணு. அதுக்குத்தானே லூசு வுட்டுத் தைக்கிறோம். மூச்சு வுட இடம் வுடாத ஜாக்கெட்டை எவ போடுவா?"

அவர் டேப்பைக் கீழே போட்டுவிட்டார். "இத ஏன்மே எனக்கு சொல்லல?" என்றார்.

"நீ கேட்டியா? ஜெர்மனிக்காரனைத்தானே கேட்டுகினு இருந்த" என்றேன். சொல்லிவிட்டு எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஒரே அறையில் அவர் அந்தப் பக்கம் புத்தகமும் நான் இந்தப் பக்கம் மெஷினுமாக இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம் அவர் டேப் இல்லாமல், வெறும் கையை என் முதுகில் வைத்தார். இடுப்புக்கு மேலே, குனிந்து குனிந்து எனக்கு எப்போதும் வலிக்கிற இடத்தில். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். நான் மூச்சு விட விட அந்தக் கை ஏறி இறங்கியது. பிறகு, இதுவரை யாரை அளந்தபோதும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"இங்க வெச்சா அழுத்துதா?"

"அழுத்துதுயா" என்றேன். "கொஞ்சம் கீழ எறக்கு."

இறக்கினார்.